ஆடுவது கேமராவா, கையா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் வீடியோ எடுக்கிறோம், படம் ஆடுகிறது, எதை வாங்குவது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பெயர் போடாமல் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், இரண்டு பேர் 'ஸ்டுடியோ முதலாளிக்குத் தெரிய வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள்.

கேள்வி: சார், எட்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். கேனான் 80டி, 18-135 லென்ஸ். வருடத்துக்குப் பதினைந்து கல்யாணம் வரும். இருப்பது பழைய போட்டோ டிரைபாட், அதன் மேல் உருண்டைத் தலையான பால் ஹெட். இப்போது வரும் பார்ட்டி எல்லாம் 'சினிமா மாதிரி வேணும்' என்கிறார்கள். மச்சான் கிம்பல் வாங்கச் சொல்கிறான். விலை 38,000 ரூபாய், வாடகைக்கு எடுத்தால் நாளுக்கு 1,200. கையில் 40,000 இருக்கிறது. வாங்கிவிடலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: மோட்டார் வைத்துக் கேமராவைச் சாயாமல் பிடிக்கும் கைப்பிடிதான் கிம்பல். இப்போதைக்கு வேண்டாம். காரணம் கொஞ்சம் நீளம்.

முதலில் நீங்கள் கடைசியாகக் கொடுத்த மூன்று கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் எடுத்தது எத்தனை நிமிடம், நடந்துகொண்டே எடுத்தது எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். நான் என்னுடைய ஒரு கல்யாணத்தை அப்படிக் கணக்குப் பார்த்தபோது மூன்று மணி நேரப் படத்தில் நடந்து எடுத்தது பதினோரு நிமிடம்தான் தேறியது. மாப்பிள்ளை அழைப்பு, பெண்ணை மணவறைக்குக் கூட்டி வருவது, ரிசப்ஷனில் இருவரும் மேடை ஏறுவது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. அந்தப் பதினோரு நிமிடத்துக்குத்தான் மச்சான் 38,000 செலவு பண்ணச் சொல்கிறார். மீதி இரண்டே முக்கால் மணி நேரம் உங்கள் பால் ஹெட்டின் மேல் ஓடுகிறது.

பால் ஹெட் போட்டோவுக்காகச் செய்தது. திருகைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் சாயும், இறுக்கினால் நிற்கும், நடுவில் ஒன்றும் கிடையாது. வீடியோவுக்கு வேண்டியது அந்த நடுநிலைதான். ஃப்ளூயிட் ஹெட்டுக்குள் கெட்டியான கிரீஸ் இருக்கும். கைப்பிடியைத் தள்ளும்போது அது எதிர்த்துக் கொடுக்கும், நீங்கள் கொஞ்சம் வெடுக்கென்று தள்ளினாலும் அந்த வெடுக்கைத் தானே விழுங்கிக்கொள்ளும். வாத்தியார் கையிலிருந்து தாலி மாப்பிள்ளை கைக்குப் போய் பெண்ணின் கழுத்துக்கு வருவதை ஒரே ஓட்டமாக எடுத்துப் பாருங்கள், பார்ட்டி 'சினிமா மாதிரி' என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான், அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

உயரத்தையும் பாருங்கள். கெட்டிமேளம் கொட்டும் அந்த அரை நிமிடம் மண்டபமே எழுந்து நின்று அட்சதை போடும், அப்போது உங்கள் லென்ஸ் அவர்கள் தலைக்கு மேல் இருக்க வேண்டும். நடுத்தண்டைத் தூக்காமல், கால்களை மட்டும் நீட்டியே அந்த உயரம் வர வேண்டும். நடுத்தண்டைத் தூக்கினால் முக்காலி ஒற்றைக்கால் ஆகிவிடும். இன்னொன்று, பலகை மேடையில் ஸ்டாண்டு போடாதீர்கள். ஒரு மாமா ஏறினால் போதும், படம் முழுக்க அலை அடிக்கும். தரையில் போட்டு ஜூம் பண்ணுங்கள்.

அடுத்தது மோனோபாட், அதாவது ஒற்றைக்கால் ஸ்டாண்டு. அடியில் மூன்று சின்னக் கால்கள் விரியும் வகை. கல்யாண மண்டபத்துக்கென்றே செய்ததோ என்று எனக்குத் தோன்றும். பிடிக்கும் இடம் ஒரு முழம், குழந்தைகள் தடுக்கி விழமாட்டார்கள், சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு இலைகளுக்கு நடுவே ஊன்றலாம், தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஓட இரண்டு விநாடி போதும். ஹெட் வாங்கும்போது அடிப்பாகம் தட்டையாக இருப்பதையோ, கிண்ணம் போன்ற அடிப்பாகத்தைக் கழற்ற முடிவதையோ கேட்டு வாங்குங்கள். அதே ஹெட்டை மோனோபாடிலும் மாட்டிக்கொள்ளலாம், இன்னொரு செலவு மிச்சம்.

சரி, கிம்பலுக்கு வருவோம். 80டி பேட்டரியோடு 730 கிராம், 18-135 யூ.எஸ்.எம். லென்ஸ் 515 கிராம், ஆக ஒன்றேகால் கிலோ. டி.ஜே.ஐ. ஆர்.எஸ். 3 மினி போன்ற சின்ன கிம்பலே இரண்டு கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். எடை மட்டும் கணக்கு இல்லை, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. உங்கள் லென்ஸ் ஜூம் பண்ணும்போது முன்னால் நீளும். 18-ல் வைத்து பேலன்ஸ் பண்ணிவிட்டு 135-க்குப் போனால் எடை முன்னுக்கு நகரும், மோட்டார் அதை இழுத்துப் பிடிக்கப் பாடுபடும். ஒரு ரிசப்ஷனில் எனக்கு நடந்தது இது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறி முடித்தார்கள், முகத்துக்கு ஜூம் போனேன், 'ஞொய்' என்று ஒரு சத்தம், கேமரா தலையைத் தொங்கப்போட்டு என் செருப்பைப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. செருப்பு இல்லாமல் அந்தப் பதிவு நாற்பது விநாடிதான் இருக்கிறது. கிம்பல் என்றால் நீளாத லென்ஸ், அல்லது ஜூமைத் தொடாத கை. அந்த லென்ஸ் செலவையும் 38,000-த்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கணக்கு போட்டால், 38,000-ஐ 1,200-ஆல் வகுத்தால் முப்பத்தொரு நாள் சொச்சம். வருடத்துக்குப் பதினைந்து கல்யாணம் என்றால் இரண்டு வருட வாடகை. இதை மட்டும் பார்த்தால் வாடகையே மேல், அதுவும் பேட்டரி தேய்வது அவர்கள் பாடு. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. உங்களுக்கு கிம்பல் வேண்டிய அதே முகூர்த்த நாளில்தான் ஊரில் உள்ள எல்லா வீடியோக்காரர்களுக்கும் வேண்டும். ஆவணியில் நல்ல முகூர்த்தம் வந்து, முந்தின நாள் போன் பண்ணினால் 'இல்லையேண்ணே' என்பார்கள். அதனால் வாடகை என்று முடிவெடுத்தால், பார்ட்டி அட்வான்ஸ் கொடுத்த அன்றே நீங்களும் கிம்பலுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். அந்த 1,200-ஐ 'கிம்பல் தனி' என்று பில்லிலும் போடுங்கள். கேட்டு வாங்குபவர் எத்தனை பேர் என்று ஒரு சீசன் பாருங்கள். பத்துப் பேர் வாய் மறுக்காமல் கொடுத்தால் அடுத்த ஆடியில் வாங்குங்கள். ஆடி ஏன் என்றால், வேலை இல்லாத மாதம், வீட்டு மொட்டைமாடியில் ஒரு மாதம் நடந்து பழகலாம். கல்யாணத்தன்று காலையில் பெட்டியைப் பிரித்துப் பழகக் கூடாது.

ஆக, இருக்கிற 40,000-த்தில் பாதிக்குள் ஒரு நல்ல ஃப்ளூயிட் ஹெட் டிரைபாட், அதற்கப்புறம் மோனோபாட், மீதியைத் தொடாமல் வையுங்கள்.

கேள்வி: காலேஜ் இரண்டாம் வருடம். நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். கேனான் 1500டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். பத்தாயிரம் சேர்த்திருக்கிறோம். ஷோல்டர் ரிக் வாங்கலாமா, ஸ்லைடர் வாங்கலாமா என்று எங்களுக்குள் சண்டை. நீங்கள் சொல்வதுதான் தீர்ப்பு. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இரண்டு கட்சிக்கும் தோல்வி.

ஷோல்டர் ரிக் எதற்கு வந்தது என்று தெரிந்தால் நீங்களே விட்டுவிடுவீர்கள். 2008-ல் நிகான் டி90-யும் அடுத்து கேனான் 5டி மார்க் 2-ம் வந்தபோதுதான் டி.எஸ்.எல்.ஆரில் வீடியோ என்பதே தொடங்கியது. உடம்பு போட்டோ கேமராவின் உடம்பு. வீடியோவுக்குப் போனதும் உள்ளே கண்ணாடி மேலே ஏறிக்கொள்ளும், வ்யூஃபைண்டர் இருட்டாகிவிடும், பின்னால் இருக்கும் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். போட்டோ எடுக்கும்போது இரண்டு கை, அப்புறம் நெற்றி என்று மூன்று இடத்தில் கேமரா ஊன்றி நிற்கும். வீடியோவில் நெற்றி போய்விடும், கையை நீட்டிப் பிடிக்க வேண்டும், அதனால்தான் ஆட்டம். போன நெற்றிக்குப் பதில் தோளைக் கொடுப்பது ரிக். ஒழுங்கான ரிக் என்றால் பின்னால் எடைக்கட்டி, திரைக்கு மேல் ஒரு கண்வில்லை அல்லது தனி மானிட்டர் எல்லாம் சேரும். மலிவாக வருவது வெறும் இரண்டு கம்பியும் ஒரு பஞ்சுப் பட்டையும். அரைமணி நேரத்தில் தோளும் வலிக்கும் படமும் ஆடும்.

தோளுக்குப் பதில் கழுத்தைக் கொடுங்கள், அது இலவசம். கேமரா வாரைக் கழுத்தில் மாட்டி, வார் விறைப்பாக நிற்கும்வரை கேமராவை முன்னால் தள்ளி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு எடுங்கள். கூடவே ஒரு பழைய தலையணை உறையில் இரண்டு படி நெல்லோ மணலோ போட்டுத் தைத்துவிடுங்கள். ஜன்னல் விளிம்பு, படிக்கட்டு, பைக் சீட், எங்கே வைத்தாலும் கேமரா அதில் பதிந்து உட்காரும். தரையோடு தரையாக ஷாட் வைக்க இதைவிட நல்ல சாமான் எந்த விலையிலும் இல்லை. இன்னொன்றும் உண்டு: கேமராவின் அடியில் உள்ள மரை கால் இஞ்ச் மரை. அதில் ஒரு சின்ன கால் இஞ்ச் போல்டைக் கையால் மட்டும் திருகி, நைலான் கயிறு கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்துப் பிடியுங்கள். மேலும் கீழும் ஆடுவது நின்றுவிடும். நீளமான போல்ட் போட்டு முறுக்கி அடிப்பாகத்தைப் பொத்தலாக்கிவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

ஸ்லைடர் அழகாகத்தான் இருக்கும். இரண்டடித் தண்டவாளத்தில் கேமரா நகர, முன்னால் ஒரு பூச்செடி விலக, பின்னால் கதாநாயகன் தெரிவான். எல்லாக் குறும்படத்திலும் அந்தப் பூச்செடி இருக்கிறது. அதை எடுத்த பிறகு ஸ்லைடர் அலமாரிக்கு மேல் ஏறிவிடும்.

பத்தாயிரத்தை எங்கே போடுவது? 1500டியில் வெளி மைக் மாட்டும் துளையே கிடையாது. உங்கள் படத்தின் முதல் பிரச்சினை ஆட்டம் இல்லை, சத்தம். ஒரு சின்ன ரெக்கார்டரோ, போனில் மாட்டும் காலர் மைக்கோ வாங்கித் தனியாகப் பதிந்து, எடிட்டில் சேருங்கள். ஷாட்டுக்கு முன்னால் ஒருவர் கைதட்டினால் போதும், சேர்ப்பது சுலபம். மீதியில் செகண்ட் ஹேண்டில் ஒரு டிரைபாட். ஆடாத படத்தில் வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள், வசனம் தெளிவாகக் கேட்டால் ஆட்டத்தை மன்னிப்பார்கள்.

கேள்வி: ஃப்ளூயிட் ஹெட் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் பேன் பண்ண, அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்ப ஆரம்பிக்கும்போது ஒரு வெட்டு, நிறுத்தும்போது ஒரு வெட்டு. ஏமாந்துவிட்டேனா? (சேலம் வாசகர்)

பதில்: இருக்கலாம். பெட்டியில் 'ஃப்ளூயிட்' என்று போட்டிருப்பதை எல்லாம் நம்ப முடியாது, சிலவற்றில் வெறும் பிளாஸ்டிக் உரசல்தான் இருக்கும். ஜூமை முழுக்க இழுத்து, எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தேதியை ஃப்ரேம் நடுவில் வையுங்கள். மெதுவாகத் தள்ளி, கையை எடுங்கள். தேதி கொஞ்சம் பின்னுக்கு வந்து நின்றால் ஹெட் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது என்று அர்த்தம், அதற்கு வைத்தியம் இல்லை. அடுத்து ஸ்டாண்டின் ஒரு காலை விரலால் தட்டி, தேதி ஆடி ஓயும்வரை எண்ணுங்கள். மூன்று எண்ணுவதற்குள் ஓயாவிட்டால் குற்றம் ஹெட்டில் இல்லை, காலில்.

கடையில் பார்ப்பதென்றால் உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். கைப்பிடியைச் சாய்த்து விட்டுவிட்டால் கேமரா தொப்பென்று விழாமல் மெல்ல இறங்கவோ நிற்கவோ வேண்டும்.

வெட்டு உங்கள் கையிலும் இருக்கலாம். கைப்பிடியை நேராகப் பிடிக்காமல், அதில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி ரப்பரைப் பிடித்து இழுங்கள். முதல் இழுப்பு ரப்பரிலேயே கரைந்துவிடும். பேன் முடியும்போது படம் தானாக ஒரு இழுப்பு இழுத்தால் லென்ஸில் உள்ள ஐ.எஸ். (கை நடுக்கத்தைத் திருத்தும் வசதி) சுவிட்சை அணைத்துப் பாருங்கள், சில லென்ஸ்கள் ஸ்டாண்டில் இருக்கும்போதும் கை நடுங்குவதாக நினைத்துத் திருத்தப் பார்க்கும். நிகான் என்றால் அதற்குப் பெயர் வி.ஆர்.

கேள்வி: கிம்பல் வாங்கி ஆறு மாதம். ஆனாலும் நடக்கும்போது படம் மேலும் கீழும் குதிக்கிறது. செட்டிங் என்ன வைக்கணும்? (கோவை வாசகர்)

பதில்: செட்டிங்கில் ஒன்றும் இல்லை. கிம்பலில் மூன்று மோட்டார், அவை மூன்று விதமான சாய்வையும் திருப்பத்தையும் மட்டும்தான் திருத்தும். மொத்தக் கேமராவும் உங்கள் காலடிக்கு ஏற்ப ஒரு இஞ்ச் ஏறி இறங்குவதைத் திருத்த அதில் பாகமே கிடையாது. 1970-களில் காரெட் பிரௌன் என்ற அமெரிக்க ஒளிப்பதிவாளர், நடந்தாலும் ஆடாமல் எடுக்க உதவும் ஸ்டெடிகேமைக் கண்டுபிடித்தபோது, உடம்பில் மாட்டும் கவசத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் கை வைத்தார், ஏற்ற இறக்கத்தைத் தின்பது அந்தக் கை. கிம்பலில் அந்தக் கை நீங்கள்தான்.

தலையில் தண்ணீர்க்குடம் வைத்து வருகிற அம்மாக்களின் நடையைக் கவனித்திருப்பீர்கள். முழங்கால் எப்போதும் சற்று மடங்கியே இருக்கும், குதிகால் முதலில் பட்டு விரல் நுனிவரை பாதம் உருளும், இடுப்புக்கு மேல் எதுவும் அசையாது. அதே நடை. கூடவே அகல லென்ஸ் போடுங்கள், 18-ல் தெரியாத குதிப்பு 55-ல் பூதாகரமாகத் தெரியும்.

கேள்வி: எடிட்டிங் சாஃப்ட்வேரே ஆட்டத்தை எடுத்துவிடுகிறதே, ஸ்டாண்டு எதற்கு? (மதுரை வாசகர்)

பதில்: எடுக்கும், கொஞ்சம். ஓரங்களை வெட்டித்தான் எடுக்கும், எவ்வளவு ஆட்டமோ அவ்வளவு வெட்டு. பாட்டியின் தலை ஃப்ரேம் விளிம்பில் இருந்தால் பாட்டி போய்விடுவார். அதைவிடப் பெரிய தொல்லை இரண்டு. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் மினுக்காமல் இருக்க விநாடிக்கு 25 ஃப்ரேமில் ஷட்டரை 1/50 விநாடியில் வைக்கிறோம். அந்த 1/50 விநாடிக்குள் கை ஆடினால் அந்த ஃப்ரேமே கலங்கிப் பதியும். சாஃப்ட்வேர் ஃப்ரேமை நேராக நிறுத்தும், கலங்கலை என்ன செய்யும்? நிலையாக நிற்கிற முகம் திடீர் திடீரென்று மங்கித் தெளியும், ஆட்டத்தைவிட அது அசிங்கம். அப்புறம் டி.எஸ்.எல்.ஆர். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். படித்து முடிப்பதற்குள் கேமரா அசைந்தால் தூண் எல்லாம் ஜெல்லி மாதிரி நெளியும். நெளிந்ததை நிமிர்த்துவது சாமானியம் இல்லை. கடைசிச் சிட்டிகை உப்பு மாதிரி சாஃப்ட்வேரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேனான், நிகான் இரண்டும் டி.எஸ்.எல்.ஆரையே கைவிட்டுவிட்டார்கள் என்கிறார்கள். இந்த நேரத்தில் அதற்கென்று ஸ்டாண்டில் பணம் போடுவது புத்திசாலித்தனமா? தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் தொழிலை விடுகிறார், அவருடைய வீடியோ டிரைபாட் பாதி விலைக்கு வருகிறது. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: 2020-க்குப் பிறகு இரண்டு பேரும் புதிய டி.எஸ்.எல்.ஆர். எதுவும் கொண்டுவரவில்லை என்பது உண்மை. ஆனால் டிரைபாட் ஒரே ஒரு கேமராவுக்கென்று பிறந்தது இல்லை. அதே கால் இஞ்ச் திருகுதான், உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ் கேமராவிலும் இருக்கிறது, நாளைக்கு நீங்கள் எதை வாங்கினாலும் இருக்கும். நான் 80டியையும் அதற்கு முந்தைய இரண்டு கேமராவையும் விற்றுவிட்டேன், ஸ்டாண்டு அதேதான். கிம்பலுக்கு இதைச் சொல்லமாட்டேன், அது எடையோடும் மாடலோடும் கட்டுப்பட்டது. மிரர்லெஸ்ஸில் சென்சாரே அசைந்து ஆட்டத்தைத் திருத்தும் வசதி வந்திருக்கிறது, நின்று எடுக்க அருமை, ஆனால் அகல லென்ஸோடு நடந்தால் படத்தின் மூலைகள் துள்ளும். அதற்காகவும் ஸ்டாண்டைத் தூக்கிப்போட முடியாது.

அந்த டிரைபாடைப் போய்ப் பாருங்கள். மூன்று காலையும் முழுதாக நீட்டி, பூட்டி, ஹெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். எந்தக் கால் சறுக்கினாலும் பூட்டு தேய்ந்திருக்கிறது, அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். ஹெட்டின் இணைப்பில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் உள்ளே கிரீஸ் குறைந்திருக்கலாம், அதை வாங்காதீர்கள். நீர்மட்டக் குமிழி காய்ந்திருந்தால் பரவாயில்லை, அது இல்லாமல் சமாளிக்கலாம்.

பணம் கொடுப்பதற்கு முன் பிளேட்டைக் கேளுங்கள், கேமராவின் அடியில் திருகி ஹெட்டில் சொருகுகிற அந்தத் தட்டு. ஒரு முறை விடிகாலை முகூர்த்தத்துக்கு ஐந்து மணிக்கு மண்டபத்தில் ஸ்டாண்டை விரித்தேன், பிளேட் வீட்டில் இன்னொரு கேமராவின் அடியில். நாதஸ்வரக்காரர் கொடுத்த நாடாவால் கேமராவை ஹெட்டோடு சேர்த்துக் கட்டி, தாலி கட்டு முடியும்வரை ஒரு கையால் அழுத்திக்கொண்டே நின்றேன். கம்பெனிக்குக் கம்பெனி பிளேட் வேறு, பழைய மாடலுக்குத் தனியாகத் தேடினால் சுலபத்தில் கிடைக்காது. ஸ்டுடியோக்காரர் இரண்டு பிளேட் வைத்திருந்தால் இரண்டையும் வாங்கிக்கொண்டு, ஒன்றை ஸ்டாண்டின் காலிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுவிடுங்கள்.